நான்கு பழைய மடிக்கணினிகள்

பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் களிம்பேறிவிட்டது என்பதற்காக அதனைத் தெருவில் எறிந்தவர் நம் முன்னோரில் எவரும் இலர். ஈயம் பூசுபவர் ஊருக்குள் வரும் நாளை எதிர்பார்த்திருப்பர். அவர் துருத்தியை ஊதிக் கரியை மூட்டியதும், வீட்டிலுள்ள பாத்திரங்களெல்லாம் அவர் முன் வரிசையாக வந்து சேரும். நவச்சாரப் புகை எழும். உருகிய ஈயம் பஞ்சின் கீழ் ஓடிப் பரவும். களிம்பேறிய பாத்திரம் வெள்ளி போல் மின்னிக்கொண்டு வீடு திரும்பும். பாத்திரம் பழையதே, பூச்சுத்தான் புதியது. அப்பாத்திரத்தில் மேலும் சில ஆண்டுகள் புளியும் கொதிக்கும், பொங்கலும் பொங்கும்.

மும்பைத் தமிழர் வீடுகளின் பரண்களில் இன்றும் அத்தகைய பாத்திரங்கள் சில உறங்குகின்றன. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழ்ந்து, பின்னர்க் கடற்கழியைக் கடந்து வாஷிக்கு வந்த குடும்பங்கள் அவற்றைக் கைவிடாமல் எடுத்து வந்தன. 1973ஆம் ஆண்டு தானே கடற்கழியின்மேல் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டு மான்குர்தைத் தாண்டி வாஷிக்கு மின்தொடர்வண்டியும் வந்தது. அதன் பின் வந்த குடிகள் பல. அவர்களுடைய பரண்களில் இப்போது பித்தளைப் பாத்திரத்துக்கு அருகே வேறொரு பழம்பொருளும் இடம்பிடித்திருக்கிறது. அதுதான் பழைய மடிக்கணினி. அதற்கு ஈயம் பூச எவரும் வருவதில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாஷியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதவும் படிக்கவும் சொல்லித்தரும் பெற்றோர் சிலர் நாங்கள். வகுப்பில் 11 பிள்ளைகள். அனைவரும் தமிழ் பேசுவர். ஆனால் பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும் பயில்வதால், தமிழெழுத்தைக் கண்டால் தயங்குவர். கரும்பலகையும் கோடிட்ட ஏடும் ஓரளவுக்கே உதவின. இக்காலப் பிள்ளைகளின் விரல் பேனாவைவிட விசையை விரைவில் நாடுவது கண்கூடு. ஆகவே தமிழில் தட்டச்சுச் செய்யப் பழக்கலாம் என்று முடிவு செய்தோம். புதுக்கணினிகள் வாங்கப் பணம் இல்லை. எனவே அவரவர் பரணை ஆராய்ந்தோம். நான்கு மடிக்கணினிகள் கிடைத்தன.

முதலாவது, 2009ஆம் ஆண்டில் வாங்கிய சிறு கணினி. ஆட்டம் வகைச் செயலி, 1 ஜிபி நினைவகம். இரண்டாவது, திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வேலை நிமித்தம் இங்கு வந்த ஓர் இளைஞர் தம் மேனிலைப் பள்ளி நாளில் தமிழ்நாடு அரசிடமிருந்து பெற்ற இலவச மடிக்கணினி. 2 ஜிபி நினைவகம். மூன்றாவது, 2014ஆம் ஆண்டினது. 4 ஜிபி நினைவகம் உடையது. நான்காவது உயிரற்றுக் கிடந்தது. மின்பொத்தானை அழுத்தினால் விளக்குக்கூட எரியவில்லை.

கடைக்காரர் ஒருவரிடம் இவற்றைக் காட்டினோம். அவர் நான்கையும் ஒரு பார்வை பார்த்து, எடைக்குப் போடுவதே நன்று என்றார். அவர் கூற்றிலும் ஒரு நியாயம் இருந்தது. மூன்றாம் கணினியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறைவு செய்துவிட்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஓரளவு அண்மைக்காலச் செயலியும் வேண்டும். மற்ற இரண்டில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை இணையத்தோடு இணைப்பது தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் உறங்குவதை ஒக்கும்.

எனினும் எடைக்குப் போட மனம் ஒப்பவில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் சார்பில் 2024இல் வெளிவந்த மின்கழிவு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே. எஞ்சியதில் பெரும்பகுதி எங்கோ யாரோ ஒருவர் வெறுங்கையால் உடைக்கும் குவியலில் சேர்கிறது. பழம்பொருள்களைப் பிரித்துப் புதுவாழ்வு தரும் தொழிலைத் தாராவியின் சந்துகளில் கண்டு வளர்ந்தவர் எங்களில் உண்டு. கழிவு என்று நாம் கைகழுவும் பொருள் மறைந்துபோவதில்லை, இன்னொருவர் மூச்சுக்குள் போகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்றியும், ஒரு மடிக்கணினியால் வெளிப்படும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதனை உற்பத்தி செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே இருப்பதை நெடுநாள் பயன்படுத்துவதே சிக்கனம்.

கணினி மெதுவாகிவிட்டது என்று சொல்லும்போது, பெரும்பாலும் அதன் உறுப்புகள் தளர்ந்துவிடவில்லை. அவற்றின்மேல் ஏற்றிய சுமையே மிகுந்துவிட்டது. உறுப்புகளுக்கும் நமக்கும் இடையே நின்று அனைத்தையும் ஆட்சி செய்யும் மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் அதனோடு சேர, எவரும் விலையின்றிப் பெற்று, திருத்தி, பிறர்க்கும் வழங்கத்தக்க கட்டற்ற இயங்குதளங்கள் தோன்றின. 1993இல் தொடங்கிய டெபியன் அவற்றுள் மூத்த குடும்பங்களில் ஒன்று. உபுண்டு, மின்ட் முதலிய பலவும் அதன் வழிவந்தவை. குடும்பம் பெரிதாக இருப்பதே புதியவர்க்குத் திகைப்பூட்டும். எதனைத் தேர்வது? நாங்கள் நான்கு வினாக்களை வரிசையாக எழுப்பிக்கொண்டோம்.

முதல் வினா, செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்பது. பழைய ஆட்டம் செயலிகளுள் சில 32 பிட் மட்டுமே அறியும். இன்றைய இயங்குதளங்களோ அவ்வகையை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. உபுண்டு 2019இலும், மின்ட்டின் முதன்மைப் பதிப்பு 2020இலும் 32 பிட் வடிவை நிறுத்தின. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியே இல்லை. எனவே முதற்கணினிக்கு, டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்டு 32 பிட் வடிவிலும் கிடைக்கும் ஆன்டிஎக்ஸ் என்பதைக் கருதினோம். 2003ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாரி காலர் தொடங்கிய பப்பி லினக்ஸும் இத்தகைய கணினிகளுக்கு ஏற்றதே. முழுவதையும் நினைவகத்திலேயே ஏற்றிக்கொண்டு ஓடுவது அதன் தனித்தன்மை.

இரண்டாம் வினா, நினைவகம் எவ்வளவு என்பது. ஈண்டு ஒரு நுட்பத்தைக் கூற வேண்டும். லினக்ஸ் எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கரு ஒன்றே. எடை வேறுபடுவது பெரும்பாலும் திரையில் நாம் காணும் முகப்புச் சூழலால். நோம், கேடிஇ முதலியவை அழகும் வசதியும் மிக்கவை. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி ஆகியவை சிக்கனமானவை. ஆன்டிஎக்ஸ் தரும் சாளர மேலாளர்களோ இன்னும் சிக்கனமானவை. ஆனால் முகப்பைச் சுருக்கிச் சேமித்த நினைவகம் முழுவதையும் இணைய உலாவி ஒன்றே விழுங்கிவிடக்கூடும். இன்றைய வலைப்பக்கங்கள் சில திறந்தாலே ஒரு ஜிபி போதாது. எடை குறைந்த இயங்குதளத்தால் உலாவியின் எடையைக் குறைக்க இயலாது. இதனை அறியாதார் முதல் நாள் மகிழ்ந்து, இரண்டாம் நாள் ஏமாறுவர். ஆகவே, எந்தக் கணினி எப்பணிக்கு என்று முதலில் வரையறுத்துக்கொள்வது இன்றியமையாதது.

மூன்றாம் வினா, சேமிப்புத் தட்டு எத்தகையது என்பது. சுழலும் வன்தட்டே பழைய கணினிகளின் தாமதத்துக்குத் தலையாய காரணம். அதனை அகற்றி, அதே அளவினதான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் கணினி கண்விழிக்கும் நேரம் பல மடங்கு குறையும். லேமிங்டன் சாலைக்குச் சென்று சிறிய அளவினதாக இரண்டு வாங்கி வந்தோம். எங்கள் செலவு அவ்வளவே. உயிரற்ற நான்காம் கணினியின் நினைவகப் பலகை இரண்டாம் கணினிக்குப் பொருந்தியமையால், அது 2 ஜிபியிலிருந்து 4 ஜிபியாக உயர்ந்தது. இறந்தவர் கண் இன்னொருவர்க்கு ஒளியாவது போன்ற செயல் அது.

நான்காம் வினாவே எங்களை மூன்று ஞாயிறுகள் வாதாடச் செய்தது. திரையில் தோன்றும் கட்டளைகள் எம்மொழியில் இருக்க வேண்டும்?

வங்கியில் பணிபுரியும் தாய் ஒருவர் ஆங்கிலமே தக்கது என்றார். "பள்ளியில் ஆங்கிலத்தில் கணினி படிக்கிறார்கள், நாளை அலுவலகத்திலும் ஆங்கிலந்தான். இங்கு மட்டும் புதுப்பெயர்களைப் புகுத்தினால் குழப்பமே மிஞ்சும். எழுதுவது தமிழில் இருக்கட்டும், பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும்" என்பது அவர் கருத்து. எங்களுள் மூத்தவர் ஒருவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பயின்றவர். ஐயா என்றே அனைவரும் அழைப்போம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சாப்பாட்டு நேரத்து மொழியாகிவிட்டது. பசிக்கும் தூக்கத்துக்கும் கோபத்துக்கும் தமிழ். வேலைக்கு வேறு மொழி. வேலைக்கு உதவாத மொழி என்று ஒரு பிள்ளை உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டால், பிறகு நாம் எத்தனை ஞாயிறு வகுப்பு நடத்தினாலும் பயனில்லை."

இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. தாயின் அச்சம் பிள்ளையின் பிழைப்பைப் பற்றியது. மூத்தவர் அச்சம் மொழியின் இருப்பைப் பற்றியது. புலம்பெயர்ந்து வாழும் ஒவ்வொரு குடும்பத்திலும் இவ்விரு அச்சங்களும் ஒரே கூரையின் கீழ்ப் படுத்துறங்குகின்றன. ஒன்று மற்றொன்றை வெல்ல வேண்டியதில்லை என்று கருதி, இரண்டு கணினிகளைத் தமிழிலும் ஒன்றை ஆங்கிலத்திலும் அமைத்து, இரண்டு மாதம் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

இரண்டாம் கணினியைத் திறந்தபோது வியப்பொன்று காத்திருந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்னும் இந்திய இயங்குதளமும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென உருவாக்கப்பட்டு 2007இல் வெளிவந்தது அது. கணினிக்கு உரிய இளைஞரைக் கேட்டோம். "தொடங்கும்போது இரண்டு பெயர் வரும், எல்லாரும் மேலே உள்ளதை அழுத்தச் சொன்னார்கள். கீழே இருப்பது என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை" என்றார். தமிழ் பேசும் இயங்குதளம் ஒன்று அத்தனை ஆண்டுகள் அக்கணினிக்குள் திறவாத கதவாகவே இருந்திருக்கிறது. பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் பயனைக் கற்பிக்கவும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கு அளித்ததோடு நில்லாமல், ஆசிரியர்க்குப் பயிற்சியும் பாடநூலும் சேர்த்தே தந்தது. அங்கே அது வேரூன்றியது அதனாற்றான்.

நிறுவும் முன் இரண்டு பணிகளைச் செய்தோம். பழைய கணினிகளிலிருந்த படங்களையும் கடிதங்களையும் வேறொரு தட்டில் படியெடுத்தோம். உயிரற்ற கணினியின் வன்தட்டையும் வெளியே எடுத்து அவ்வாறே செய்தோம். அடுத்து, ஒவ்வோர் இயங்குதளத்தையும் பென்டிரைவில் பதிந்து, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பார்த்தோம். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்பதையெல்லாம் பென்டிரைவிலிருந்தே அறியலாம். பொருந்தாவிடில் பென்டிரைவை உருவிவிட்டால், கணினி முன்போலவே இருக்கும்.

முடிவில், 4 ஜிபியும் எஸ்எஸ்டியும் பெற்ற இரண்டாம் கணினியில் டெபியன் 13-ஐ எல்எக்ஸ்க்யூடி முகப்புடன் நிறுவினோம். மூன்றாவதற்கு எஸ்எஸ்டி பொருத்தி, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினோம். முதற்கணினிக்கு ஆன்டிஎக்ஸ், அது தட்டச்சுக்கும் மின்னூல் படிப்புக்கும் மட்டும், இணையம் இல்லை. முதலிரண்டும் தமிழ், மூன்றாவது ஆங்கிலம். நான்காவதன் எஞ்சிய உடலைப் பதிவுபெற்ற மின்கழிவு மையத்தில் ஒப்படைத்தோம்.

மூன்றிலும் தமிழ்99 விசைப்பலகையை அமைத்தோம். 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற தரம் அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 247 எழுத்துகளுக்கும் 247 விசைகள் வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் விரலால் கூடி உயிர்மெய் பிறக்கிறது. கரும்பலகையில் பலமுறை எழுதிக் காட்டியும் புரியாத உயிர்மெய்யாக்கம், "கவுக்குப் பின் ஆவை அழுத்து, கா வரும்" என்றதும் ஒன்பது வயதுச் சிறுமிக்கு விளங்கியது. பயிற்சிக்கு, பவாயிலுள்ள மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூடோரியல் திட்டத்தில் தமிழிலேயே கிடைக்கும் லிப்ரெ ஆஃபிஸ் பாடங்கள் துணைபுரிந்தன. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழின் தமிழ்க் கட்டுரைகள் எங்களுக்குத் துணைபுரிந்தன.

திரையின் தமிழ் எவ்வாறு வரவேற்கப்பட்டது என்பதையும் மறையாமல் கூறுவோம். மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை. தமிழ்ப் பட்டியலின் நடுவே ஆங்கிலச் சொற்கள் தலைகாட்டுகின்றன. சில சொற்களைக் கண்டு பிள்ளைகள் சிரித்தனர். ஆயினும் கோப்பு, திருத்து, பார்வை, கருவிகள், உதவி என்பவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தாலன்றிக் கணினி நகராது, ஆகவே படித்தனர். சிறுவன் ஒருவன், "சாளரம் என்றால் என்ன? பாட்டி ஜன்னல் என்றுதானே சொல்வார்?" என்று கேட்டான். ஜன்னல் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல், சாளரம் அதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல் என்றதும் அவன் கண்கள் விரிந்தன. மூன்று மொழி படிக்கும் பிள்ளை, சொற்களும் நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வருபவை என்பதை அன்று அறிந்தான். ஆங்கிலம் வேண்டும் என்ற அத்தாயின் மகள் இரண்டு மாதத்தில் இரண்டு மொழிக் கணினியிலும் தடையின்றி வேலை செய்தாள். "குழம்புவாள் என்று எண்ணினேன், குழம்பவில்லை" என்று தாயே சொன்னார். எனினும் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்னும் தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை; மாற்றிக்கொள்ள நாங்கள் கோரவும் இல்லை.

இக்கணினிகளால் ஆகாதவை பல. முதற்கணினியில் காணொளி ஓடாது. சில அலுவலக மென்பொருள்களும் விளையாட்டுகளும் லினக்ஸில் இயங்கா. வங்கிப் பணிக்கு இவற்றை நாங்கள் பயன்படுத்துவதில்லை. மின்கலங்கள் வலுவிழந்தமையால் மூன்றையும் மின்இணைப்போடே வைத்திருக்கிறோம். இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் உழைத்தால் அதுவே போதும்.

அச்சிறுமி தட்டச்சுப் பழகிய ஆறாம் வாரத்தில், நாங்குநேரி அருகே வாழும் தன் ஆச்சிக்கு எட்டு வரியில் கடிதம் ஒன்று எழுதினாள். ஆச்சிக்குத் தமிழ் தவிர வேறெழுத்துத் தெரியாது. தொலைபேசியில் பேத்தியின் குரலைக் கேட்டிருக்கிறார். பேத்தி எழுதிய சொல்லைக் கண்டதில்லை. கடிதத்தை அச்சிட்டு அஞ்சலில் சேர்த்தோம். பத்து நாளில் மறுமொழி வந்தது, நீல மையில், நடுங்கும் கையெழுத்தில். "ழ"வும் "ள"வும் இடம் மாறிய இரண்டு சொற்களை ஆச்சி கோடிட்டுத் திருத்தி அனுப்பியிருந்தார். அவ்விரு சொற்களையும் சிறுமி இப்போது தவறாமல் எழுதுகிறாள்.

ஆகவே அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். அடுத்த விடுமுறையில் பரணைத் திறந்து பாருங்கள். அங்குள்ள மடிக்கணினியின் கோப்புகளை முதலில் படியெடுங்கள். செயலி எத்தனை பிட், நினைவகம் எவ்வளவு, தட்டு எவ்வகை என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்பணிக்கு அது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பின்னர் ஒரு பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் தோன்றும்போது சற்றுக் கீழே இறங்கிச் செல்லுங்கள். அங்கே தமிழ் இருக்கிறது.